வட்டப்பாறையில் ஒரு சத்தியம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பக்கம், பம்பையாற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய ஊர். அபிராமேசுவரர் கிழக்கே பார்த்திருக்கிறார். முத்தாம்பிகை எதிரே தனிக்கோயிலில் மேற்கே பார்த்திருக்கிறாள். தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊர் தேவாரத்தால் தெரியும். சுற்றுவட்டாரத்து மக்களுக்கோ அம்மன் கோயிலில் இருக்கும் வட்டப்பாறையால்தான் தெரியும். அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. பங்காளிச் சண்டையோ, கொடுத்த கடனை வாங்கவே இல்லை என்று சாதிக்கும் வழக்கோ முற்றிப்போனால், "வட்டப்பாறைக்கு வா, சத்தியம் பண்ணு" என்பதுதான் கடைசிப் பேச்சு.

பாறைக்கு ஒரு கதை உண்டு. அண்ணன் தம்பியின் சொத்தை ஏமாற்றிக்கொண்டான். தம்பி சத்தியத்துக்குக் கூப்பிட்டான். அண்ணன் ஏமாற்றிய பொன்னையெல்லாம் தன் கைத்தடிக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு வந்தான். பாறைக்கு முன்னால் வந்ததும், தடியைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று தம்பியிடம் கொடுத்துவிட்டு, "என்னிடம் எதுவும் இல்லை, எல்லாம் தம்பியிடமே இருக்கிறது" என்று சத்தியம் செய்தான். ஒரு சொல்கூடப் பொய் இல்லை! தடியை வாங்கிக்கொண்டு, அம்மனையும் ஏமாற்றிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே நடந்தான். தும்பூர்ப் பக்கம் போகும்போது பாம்பு தீண்டிச் செத்தான். தும்பூர் நாகம்மன் கோயிலுக்கும் இதுவே கதை.

இதே தடி உலகத்தின் வேறு மூலைகளிலும் கிடைக்கிறது. யூதர்களின் தால்முத் நூலில் ராவா என்ற அறிஞரின் முன்னால் ஒரு கடன்காரன் இப்படித்தான் தடியைக் கடன்கொடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுச் சத்தியம் செய்கிறான். 1615-ல் வெளிவந்த டான் கிஹோட்டேயின் இரண்டாம் பாகத்தில் சாஞ்சோ பான்சா தீர்க்கும் வழக்கும் இதுவே. ஆனால் அங்கெல்லாம் உண்மை சபையிலேயே தெரிந்துவிடுகிறது. தடி உடைகிறது, காசு கொட்டுகிறது. திருவாமாத்தூரில் அப்படி இல்லை. தண்டனை வீட்டுக்குப் போகிற வழியில், வேறொரு ஊரில், கொஞ்சம் தாமதமாக வருகிறது.

இந்தத் தாமதம் முக்கியமானது. பாறை அந்த இடத்திலேயே தண்டிக்கும் என்று சொல்லியிருந்தால் நம்பிக்கை பத்துச் சத்தியத்துக்குள் செத்திருக்கும். பொய் சொன்ன பத்துப் பேரும் நல்லபடியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஊரும் பார்த்திருக்கும். காலக்கெடு வைக்காத தண்டனையைப் பொய்யாக்கவே முடியாது. எந்தக் குடும்பத்தில் ஐந்தாறு வருஷத்துக்குள் ஒரு விபத்தோ நோயோ இழவோ இல்லாமல் போகிறது? வந்த அன்று ஊர் சொல்லும்: "அன்னைக்கு வட்டப்பாறையில பொய் சத்தியம் பண்ணினான் இல்ல?" எதுவும் நேராத குடும்பங்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. ஒத்துவந்தவை நினைவில் தங்குகின்றன, ஒத்துவராதவை நழுவிப்போகின்றன. மனித மூளையின் இந்தப் பழக்கத்தை உளவியலாளர்கள் நூறு விதமாகக் காட்டிவிட்டார்கள்.

நம்பிக்கை ஏன் அழிவதில்லை என்பதற்கு இது பதில். மக்கள் ஏன் அந்தப் பாறையைத் தேடிப் போகிறார்கள் என்பது வேறு கேள்வி. அது எனக்கு இன்னும் சுவையாகப் படுகிறது.

பீட்டர் லீசன் என்ற பொருளியலாளர் 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார். இடைக்கால ஐரோப்பாவில் குற்றம் சாட்டப்பட்டவன் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்த வேண்டும். புண் ஆறினால் நிரபராதி, சீழ் பிடித்தால் குற்றவாளி. மடத்தனம் என்று நாம் ஒதுக்கிவிடுவோம். லீசன் ஒதுக்காமல் கணக்குப் பார்த்தார். இன்றைய ருமேனியாவில் இருக்கும் ஒராடியாவின் பழைய பதிவேட்டில், 1208 முதல் 1235 வரை நடந்த 308 வழக்குகள் இருக்கின்றன. அவற்றில் 100 வழக்குகள் முடிவுக்கு வராமலே கைவிடப்பட்டன. மிச்சமிருந்த 208-ல் 130 பேர் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு இத்தனை பேரைச் சுடாமல் விட்டது எப்படி?

லீசனின் விடை எளியது. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிற ஊரில் குற்றம் செய்தவன் இரும்பைத் தொட வரமாட்டான். ஒப்புக்கொள்வான், அல்லது சமரசம் பேசுவான். தொட முன்வருகிறவன் பெரும்பாலும் நிரபராதியாகவே இருப்பான். பூசாரிக்கும் இது தெரியும், அவர் இரும்பைக் கொஞ்சம் ஆறவிடுவார். சோதனை தொடங்குமுன்பே தீர்ப்பு கிடைத்துவிட்டது என்பதுதான் இதில் சங்கதி. பூசாரிகள் வேண்டுமென்றே ஆறவிட்டார்களா என்பது ஊகம்தான். குற்றவாளி பின்வாங்குவான் என்ற பாதியை நான் தயங்காமல் ஏற்பேன், ஏனென்றால் அதை நம் நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்டிருந்தது.

1873-ஆம் வருஷத்து இந்தியச் சத்தியச் சட்டத்தின்படி, சிவில் வழக்கில் ஒரு தரப்பு, "எதிராளி இன்ன இடத்தில், இன்ன முறையில் சத்தியம் செய்யட்டும், அதற்கு நான் கட்டுப்படுகிறேன்" என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். எதிராளி சம்மதித்துச் சத்தியம் செய்தால் அவர் சொன்னதே முடிவான சாட்சியம். கோயிலில் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தோடு எத்தனையோ வழக்குகள் இப்படி முடிந்திருக்கின்றன. மாட்டேன் என்றால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அவரைக் கேட்டோம், மறுத்தார், காரணம் இது என்று நீதிமன்றம் எழுதிவைக்கும். வெள்ளைக்கார அரசுக்குக் கற்பூரத்தில் நம்பிக்கை இருந்திருக்காது. கற்பூரத்தை நம்புகிறவனின் கை நடுங்கும் என்பதில் இருந்தது. 1969-ஆம் வருஷத்துச் சட்டம் வந்துதான் இந்த ஏற்பாடு போனது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கடவுளை நினைவூட்டினாலே மனிதன் நேர்மையாகிவிடுவான் என்று ஒரு காலத்தில் ஆய்வகங்கள் அடித்துச் சொல்லின. மாணவர்களைப் பைபிளின் பத்துக் கட்டளைகளை நினைத்துப் பார்க்கச் சொன்னால் அவர்கள் தேர்வில் ஏமாற்றுவது நின்றுவிடுகிறது என்று 2008-ல் ஓர் ஆய்வு புகழ்பெற்றது. 2018-ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு காணாமல் போய்விட்டது. எனக்கு இதில் வியப்பில்லை. தனி அறையில் காகிதத்தில் எழுதும் கட்டளைக்கும், மாமன் மச்சான், பங்காளி, கடன் கொடுத்தவன் எல்லோரும் சுற்றி நிற்க ஒரு கல்லின் முன்னால் வாய் திறப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கடவுள் மட்டும் பார்த்தால் போதாது. கடவுள் பார்க்கிறார் என்பதை நம்பும் மனிதர்களும் பார்க்க வேண்டும்.

சமயத்தில் மனிதர்கள் ஏன் சேர்கிறார்கள், சேர்ந்தவர்கள் ஏன் விட்டுப்போவதில்லை என்ற கேள்விக்குள் நான் நுழையும் வாசல் இதுதான். நாம் வழக்கமாகக் கொள்கையிலிருந்து தொடங்குகிறோம்: ஒருவர் கடவுள் இருக்கிறார் என்று முடிவு செய்கிறார், அதனால் கோயிலுக்குப் போகிறார். சாட்சிகளை அடுக்கினால் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது.

சேர்வதை முதலில் பார்ப்போம். மிகப் பெரும்பாலோர் சேர்வதே இல்லை, பிறக்கிறார்கள். பியூ ஆய்வு மையம் 2019-20-ல் இந்தியாவில் ஏறக்குறைய 30,000 பேரிடம் கேட்டபோது, நூற்றுக்கு 98 பேர் வளர்ந்த சமயத்தையே இப்போதும் தம் சமயமாகச் சொன்னார்கள். மாறுகிறவர்களும் தனியாக உட்கார்ந்து யோசித்து மாறுவது அரிது. 1960-களின் தொடக்கத்தில் ஜான் லாஃப்லாந்து, ராட்னி ஸ்டார்க் என்ற இரு சமூகவியலாளர்கள் சான்பிரான்சிஸ்கோ பக்கம் கொரியாவிலிருந்து வந்த ஒரு சிறு சமயக் குழுவைக் கூடவே இருந்து கவனித்தார்கள். குழுவின் போதனையைக் கேட்டவர்கள் பலர். சேர்ந்தவர்களோ, குழுவுக்குள் நண்பரோ உறவோ வைத்திருந்தவர்கள், வெளியே அவ்வளவு நெருக்கம் இல்லாதவர்கள். சேர்ந்து கொஞ்ச நாள் ஆனபின் அவர்களைக் கேட்டால், நீண்ட காலமாக உண்மையைத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். தேடல் பின்னால் எழுதப்பட்ட முன்கதை.

நம் கரையில் இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். முத்துக் குளிக்கும் உரிமைக்கு ஆபத்து வந்தபோது போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு வேண்டியிருந்தது. பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தது 1542-க்குப் பிறகு. அதாவது சேர்ந்தது முதலில், என்ன நம்ப வேண்டும் என்று தெரிந்துகொண்டது பின்னால். நானூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன, போர்ச்சுகீசியரும் போய்விட்டார்கள். தூத்துக்குடியின் பனிமய மாதா தேர் இன்றும் ஓடுகிறது. ஆதாயத்துக்கு மாறினார்கள் என்று இகழ்கிறவர்களால் இந்த இரண்டாவது பாதியை விளக்க முடியாது.

தங்கிவிடுவது எப்படி என்பதற்கு மறுபடி விழுப்புரம் பக்கம் வருவோம். செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்நிலம். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதும் அளவுக்கு இங்கே சரக்கு இருந்தது. காப்புக் கட்டியதிலிருந்து விரதம், பகலில் பாரதம் படிப்பது, இரவில் கூத்து, கடைசியில் படுகளம், அன்று மாலையே தீமிதி. மஞ்சள் துணியோடு குழியில் இறங்குகிறவர் ஒருவர். குழியைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஊர் முழுவதும்.

அவர் எதற்காக இறங்குகிறார்? கேட்டால் வேண்டுதல் என்பார்: மகளுக்கு உடம்பு தேறியது, மகனுக்கு வேலை கிடைத்தது. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அவர் சொல்லாத ஒன்றையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். எலினோர் பவர் என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டின் தென்பகுதியில் இரண்டு கிராமங்களில் தங்கி, வீடு வீடாகக் கேட்டார். அவசரத்துக்குக் கடன் யாரிடம் வாங்குவீர்கள்? குழந்தையை யாரிடம் விட்டுப்போவீர்கள்? நல்ல யோசனை யார் சொல்வார்கள்? இன்னொரு பக்கம், யார் தவறாமல் கோயிலுக்குப் போகிறார்கள், யார் அலகு குத்துகிறார்கள், தீ மிதிக்கிறார்கள் என்றும் குறித்துக்கொண்டார். 2017-ல் வெளிவந்த அவருடைய முடிவுகள்: வழிபாட்டில் தவறாமல் நிற்கிறவர்களையும் கடினமான நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்களையும் ஊர் பக்திமான் என்று மட்டும் எடைபோடவில்லை. தாராள மனசு, நல்ல யோசனை, கடும் உழைப்பு உள்ளவர் என்றும் சேர்த்தே சொன்னது. உதவி கேட்கவும் கொடுக்கவும் அவர்களுக்கு ஆள் அதிகம். சாதி, உறவு, பக்கத்து வீடு என்ற மற்றக் காரணங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது மிஞ்சியது.

இதைப் படித்துவிட்டு, "ஓ, பேர் வாங்கத்தான் தீ மிதிக்கிறார்கள்" என்று முடிவு கட்டினால் நாம் அந்த ஊரைப் புரிந்துகொள்ளவே இல்லை. பேர் வாங்க மிதிக்கிறான் என்று தெரிந்துவிட்டால் ஊர் அவனுக்குப் பேர் கொடுக்காது. உண்மையாகவே வேண்டிக்கொண்டு இறங்குகிறவருக்குத்தான் இந்தப் பலன் வருகிறது, அதுவும் அவர் கேட்காமல் வருகிறது. பார்த்துக்கொண்டு நிற்கும் குழந்தைகளுக்கு இன்னொன்றும் போய்ச் சேர்கிறது. சாமி இருக்கிறது என்று வாயால் சொல்வது எவருக்கும் சுலபம், அப்பா நெருப்பில் நடந்து காட்டுகிறார். ஜோசப் ஹென்ரிக் என்ற ஆய்வாளரின் வாதம் இதுதான்: சொல்வதைச் செய்தும் காட்டும் பெரியவர்கள் நடுவில் வளரும் குழந்தைக்குத்தான் நம்பிக்கை ஒட்டும். வீட்டில் பூசையறையைக் காட்டிவிட்டுத் தான் மட்டும் சீரியல் பார்க்கும் பெற்றோருக்கு இது நல்ல செய்தி அல்ல.

மொரீஷியஸ் தமிழர்கள் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதை திமித்ரிஸ் ஸிகலாடஸ் என்ற ஆய்வாளரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. 2013-ல் வெளியான ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு 200 ரூபாய் கொடுத்து, விருப்பம்போலக் கோயிலுக்குத் தரலாம் என்றார்கள். கூட்டு வழிபாட்டிலிருந்து வந்தவர்கள் சராசரியாக 80 ரூபாய் போலக் கொடுத்தார்கள். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் 130 போல. கூடவே நடந்து வந்த குடும்பத்தாரும் நண்பர்களும் 160 போல! வலித்தவரைவிட வலியைப் பார்த்தவர் அதிகம் கொடுத்தார். 2011-ல் வெளியான இன்னோர் ஆய்வுக்காக, ஸ்பெயினின் சான் பெத்ரோ மான்ரிக் என்ற ஊரில் தீமிதிப்பவர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் இதயத் துடிப்புக் கருவி மாட்டிப் பார்த்தார்கள். நடப்பவரின் துடிப்பும், ஓரத்தில் நின்ற உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஒரே போக்கில் ஏறி இறங்கின. சும்மா வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களின் இதயம் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. 2019-ல் அதே மொரீஷியஸ் குழு இன்னொன்றையும் சொன்னது: நாள்பட்ட நோயும் தாழ்ந்த நிலையும் உள்ளவர்கள்தான் கடுமையான காவடியை எடுத்தார்கள், விழா முடிந்தபின் மனநலம் கூடியதாக அதிகம் சொன்னவர்களும் அவர்களே.

நோயும் வறுமையும் என்றதும் திருவாமாத்தூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று நினைவுக்கு வருகிறது. சந்நிதியில் திருப்பதியம் பாடப் பார்வையற்ற 16 பேரும், அவர்களுக்கு வழிகாட்டக் கண்ணுள்ள 2 பேரும் நியமிக்கப்பட்டதை அது சொல்கிறது. அந்தக் காலத்தில் கண் தெரியாத ஒருவனுக்கு வேலையும் சோறும் மரியாதையும் சேர்ந்து கிடைக்க வேறு எந்த இடம் இருந்தது? கண்ணில்லாத ஒருவரும் கால் இல்லாத ஒருவருமான இரட்டைப் புலவர்கள் இதே ஊருக்குக் கலம்பகம் பாடினார்கள் என்பது தற்செயலாகவே இருக்கலாம், ஆனால் பொருத்தம். சமயம் பசிக்கும் ஆபத்துக்கும் காப்பீடாக இருந்ததை இந்தோனேசியாவில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1997-98 பொருளாதார நெருக்கடியில் அதிகம் அடிபட்ட குடும்பங்கள் குர்ஆன் ஓதும் வகுப்புகளுக்குக் கூடுதலாகப் போயின. கடன் சுலபமாகக் கிடைத்த ஊர்களில் அந்தக் கூடுதல் குறைவு என்று டேனியல் சென் என்ற ஆய்வாளர் கண்டார்.

அப்படியானால் வங்கி வந்தால் கோயில் காலியாகிவிடுமா? கொஞ்சம் குறையலாம். முழுதும் ஆகாது, காரணம் எளிதான சமயங்களைவிடக் கடினமானவையே நீடிக்கின்றன. ரிச்சர்டு சோசிஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கூடி வாழ முயன்ற குடியிருப்புகளை எடுத்து ஆராய்ந்தார். சமயம் சார்ந்தவை மற்றவற்றைவிட நெடுநாள் நிலைத்தன. சமயக் குடியிருப்புகளுக்குள்ளும் எதை உண்ணலாம், எதை உடுத்தலாம் என்று கட்டுப்பாடு அதிகம் வைத்தவை இன்னும் நீடித்தன. சமயச் சார்பற்ற குடியிருப்புகளில் கட்டுப்பாடு கூடினாலும் ஆயுள் கூடவில்லை. திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் இதற்கு உயிருள்ள சான்று தமிழ்ச் சமணர்கள். மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடம் இருக்கிறது. சுற்றிலும் சைவமும் வைணவமும் பெருகிய நூற்றாண்டுகளைக் கடந்து, சிறு சிறு ஊர்க் கூட்டங்களாக இருந்தும் கரையவில்லை. பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிட வேண்டும் என்ற ஒரு விதி போதும், தினமும் மாலை தான் யார் என்று வீட்டில் எல்லோருக்கும் நினைவு வர.

இந்தச் சேர்ந்திருத்தலுக்கு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் இந்த அத்தியாயம் விளம்பரமாகிவிடும். உள்ளே இருப்பதற்கு மதிப்பு இருக்கும்போது வெளியே நிறுத்துவதும் ஆயுதமாகிறது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் வரக்கூடாது என்று மற்றவர்கள் தடுத்ததில், 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நீதிமன்றம் சொல்லி 2024-ல் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். ஊரில் வேறு சாமியே இல்லையா, அந்தக் கோயில்தான் வேண்டுமா என்று நகரத்து நண்பர்கள் கேட்டார்கள். இதுவரை சொன்னதைப் படித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஊர்க் கோயிலுக்குள் நிற்பது என்பது ஊரில் ஒருவன் என்பதற்கான சாட்சி. அது மறுக்கப்பட்டால் உள்ளே போகப் போராடுவார்கள், அல்லது 1981-ல் மீனாட்சிபுரத்தில் நடந்ததுபோலச் சமயத்தையே விட்டு வெளியேறுவார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

எல்லாமே அக்கம்பக்கத்து மனிதர்கள்தானா, அப்படியானால் கடவுளோடு தனியாக மல்லுக்கட்டுகிறவர்களை எங்கே வைப்பது என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கும் ஆள் திருவாமாத்தூரிலேயே இருக்கிறார். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 1839-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே பாடத் தொடங்கியவர், லட்சம் பாடல் பாடினார் என்பது மரபு. புலவர் புராணம் எழுதினார், தன் வரலாற்றையும் குருபர தத்துவம் என்று செய்யுளாகவே எழுதினார். அவருடைய கோரிக்கை ஒன்றே ஒன்று: முருகன் நேரில் வர வேண்டும். தலம் தலமாக நடந்தார், பட்டினி கிடந்தார், பாடினார். வரவில்லை. மனம் வெறுத்துத் தன் பாடல்களில் பெரும்பகுதியை நீரிலும் நெருப்பிலும் போட்டார் என்கிறது அவர் வரலாறு. பிறகு? மறுபடி பாடினார், அதே முருகனை.

மடமும் சீடர்களும் இருந்தார்கள், அதனால் விடமுடியவில்லை என்று இதையும் என் கணக்குக்குள் இழுத்துப் போடலாம். மனம் ஒப்பவில்லை. சீடர்கள் முன்னால் பேரைக் காப்பாற்ற நினைப்பவன், கடவுள் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று செய்யுளில் எழுதி வைத்துவிட்டுப் போகமாட்டான். ஆய்வுகள் தருவது சராசரி. தீக்குழியைச் சுற்றி நிற்கும் ஊரை அது நன்றாகவே விளக்குகிறது, இந்த மனிதரை எட்டவில்லை. அவர் திருவாமாத்தூரில் கௌமார மடம் அமைத்து, 1898-ல் அங்கேயே மறைந்தார். சமாதியும் அங்கேதான் இருக்கிறது. எரித்ததுபோக மிஞ்சிய பாடல்களைக் கோவை சிரவணபுரம் கௌமார மடாலயம் பதிப்பித்து வருகிறது.